வெடிமீனும் முகிலும்
ஒரு வினாவுக்கு இரண்டாம் விடை

(கும்பத் திங்களில் விழுப்புரத்திலும் மறுநாள் திண்டிவனத்திலும் நிகழ்ந்த கூட்டங்களுள், திண்டிவனத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

உரையைத் தொடங்குமுன் ஒரு கடனைத் தீர்க்க வேண்டியவனாக உங்கள்முன் நிற்கின்றேன். நேற்று மாலை விழுப்புரத்தில் இதே பொருள் பற்றிப் பேசினேன். உரை முடிந்ததும், இயற்பியல் பயிலும் தங்கை ஒருவர் எழுந்தார். "ஐயா, ஒரு விண்மீன் வெடித்துச் சாகும்போது, அவ்வெடிப்பு பக்கத்திலுள்ள முகிலை நெருக்கிப் புதிய விண்மீன்களைப் பிறப்பிக்கின்றது என்று படித்தேன். சாவிலிருந்து பிறப்பு! இது மெய்தானா?" என்று வினவினார். நான் சற்றும் எண்ணாமல், "மெய்தான் அம்மா" என்றேன். அவை கைதட்டியது. நானும் மகிழ்ந்து பேருந்தேறினேன்.

ஆனால் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரையுள்ள நாற்பது கிலோமீட்டரும் அந்த விடை என் நெஞ்சை உறுத்திக்கொண்டே வந்தது. ஏன்? அது அழகான விடை. கேட்பார்க்கு இனிக்கும் விடை. ஆயினும், நான் சொன்ன அளவுக்குச் சான்று தாங்காத விடை. அறிவியலைத் தமிழில் சொல்ல முடியாது என்று ஏளனம் செய்வார் இன்றும் உளர். அவர்முன் நாம் பிழையாக ஒன்றைச் சொல்லிவிட்டால், பழி நம்மோடு நில்லாது, தமிழின்மேல் விழும். ஆகலின், அந்த வினாவுக்கு இன்று முறையான விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். வினவிய தங்கையும் இன்று இந்த அவையில் வந்து அமர்ந்திருக்கக் காண்கின்றேன். கைதட்டல் கிடைக்காமற் போயினும் போகட்டும், கணக்கு நேராகட்டும்.

சொற்கள்

முதலில் சொற்களை ஒழுங்கு செய்துகொள்வோம். மேலைநாட்டார் 'சூப்பர்நோவா' என்பதை நாம் 'வெடிமீன்' என்போம். 'நோவா' என்னும் இலத்தீன் சொல்லுக்குப் 'புதியது' என்பது பொருள். வானில் அதுவரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் திடுமென ஒளி தோன்றியதால், புதுமீன் பிறந்தது என்று கருதி அப்பெயர் இட்டனர். உண்மையிலோ அது பிறப்பன்று. முதிர்ந்த மீனின் முடிவு. எனவே நிகழ்வதை உள்ளவாறு காட்டும் பெயர் 'வெடிமீன்' என்பதே. வெடித்தபின் விண்வெளியில் விரிந்து பரவும் கூட்டினை 'வெடிமீன் எச்சம்' என்போம்.

சில அணுக்கள் கூடி ஒன்றாய் நிற்பது 'கூட்டணு'; பாடநூல்கள் 'மூலக்கூறு' என்பதும் இதனையே. கூட்டணுக்களால் ஆன முகில் 'கூட்டணு முகில்'. ஒலியின் விரைவை விஞ்சி வரும் ஒன்று, முன்னுள்ள வளியை விலக அமையம் தராமல் ஒரே அடியாய் அடித்து நெருக்கிச் செல்லும் அலை 'அதிரலை'. வெடிமீன், எச்சம், கூட்டணு முகில், அதிரலை ஆகிய இந்நான்கு சொற்களைக் கையில் வைத்துக்கொண்டால், இன்றைய பொருள் முழுவதையும் நாம் தமிழிலேயே கடந்துவிடலாம்.

முகில்

இன்றிரவு வீடு திரும்பும்போது சற்று அண்ணாந்து பாருங்கள். வரிசையாய் மூன்று மீன்களை இடையில் அணிந்த வேடன் என்னும் மீன்கூட்டம் உயரத்தில் நிற்கும். அதற்கு வடகிழக்கே, ஏறத்தாழ நம் தலைக்கு நேரே, ஆடவை ஓரையின் இரு தலைமீன்கள் இணையாய் ஒளிரும். அவ்விருவருள் வடபால் நிற்பவரின் காலடியில், சிவந்த ஒரு மீனுக்கு அருகே, வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் உள்ளது. வானில் அது அடைத்துக்கொள்ளும் அகலம் முழுநிலவின் அகலத்தைவிடப் பெரிது. வானியலார் பட்டியலில் அதற்கு 'ஐ.சி. 443' என்று பெயர். மரக்காணம் கரையில் வலையில் சிக்கி வருமே சொறி, அதன் குடைபோன்ற தலையும் தொங்கும் இழைகளும் கொண்டிருப்பதால், 'சொறிமீன் முகில்' என்றும் சொல்வர். நம்மிடமிருந்து ஏறத்தாழ 5,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அது ஒரு வெடிமீன் எச்சம். ஒரு கூட்டணு முகிலின்மேல் மோதிக்கொண்டிருக்கும் எச்சம் எனின், வானியலார் முதலில் சுட்டுவது இதனையே.

முகில் என்றதும் நம் கார்முகிலை எண்ணிவிடாதீர்கள். நாம் மூச்சுவிடும் காற்றில் ஒரு கன செண்டிமீட்டருக்குள் இருக்கும் கூட்டணுக்களை எண்ணினால், ஒன்றை அடுத்துப் பத்தொன்பது சுழிகள் இட்டாலும் போதாது. கூட்டணு முகிலிலோ அதே இடத்தில் சில நூறு முதல் சில நூறாயிரம் வரையே இருக்கும். நம் ஆய்வுக்கூடங்களில் 'வெற்றிடம்' என்று சொல்வதைவிட அது வெறுமையானது. எனினும் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் கன செண்டிமீட்டருக்கு ஓர் அணு இருந்தாலே பெரிது என்பதால், அவ்வெளியோடு ஒப்பிடுகையில் இது அடர்ந்த காடு. அதன் குளிரோ, நீர் உறையும் நிலைக்குக் கீழே 260 பாகை.

அந்த முகிலில் மிகுதியும் உள்ளது ஐட்ரசன் என்னும் நீரகம். அக்குளிரில் நீரகக் கூட்டணு வாய் திறவாது. தான் இருப்பதை அறிவிக்கும் அலை எதனையும் வெளிவிடாது. அதனோடு மிகச் சிறிதளவே கலந்துள்ள கார்பன் மோனாக்சைடுதான் 2.6 மில்லிமீட்டர் நீளமுள்ள வானொலி அலையை வெளிவிட்டு முகிலைக் காட்டிக்கொடுக்கின்றது. அவ்வலையை விண்வெளியிலிருந்து முதன்முதல் 1970-இல் வில்சன், பென்சியாசு முதலானோர் கண்டனர். ஊமையர் கூட்டத்தில் பேசத் தெரிந்த ஒருவர் இருந்தாற்போல, அந்த ஒரு கூட்டணுவே முகில்களின் கதை முழுவதையும் நமக்குச் சொல்லலாயிற்று.

விண்மீன்கள் பிறக்குமிடமும் இத்தகைய முகில்களே. அவ்வாறு பிறக்கும் மீன்களுள் நம் ஞாயிற்றைப்போல் எட்டு மடங்குக்கும் மேல் பொருண்மை உடையவை குறுகிய வாழ்நாள் உடையவை. ஞாயிறு ஆயிரம் கோடி ஆண்டு வாழும். அவையோ சில கோடி ஆண்டுகளுக்குள், மிகப் பெரியவை ஒரு கோடிக்கும் குறைவான ஆண்டுகளில் முடிந்துவிடும். பிறந்த ஊரைவிட்டு நெடுந்தொலைவு செல்லுமுன் அவற்றுக்குச் சாவு வந்துவிடுகின்றது. பெரிய விண்மீன்களின் வெடிப்பு முகில்களுக்கு அருகே அடிக்கடி நிகழ்வதன் கரணியம் இதுவே.

அந்த மீன் ஏன் வெடிக்கின்றது? அதன் நடுவில் அணுக்கருக்கள் இணைந்து இணைந்து இறுதியில் இரும்பாகின்றன. இரும்பை மேலும் இணைத்து ஆற்றல் பெற இயலாது. இரும்பு நடுவம் ஞாயிற்றின் பொருண்மையில் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டும்போது, தன் எடையைத் தானே தாங்காமல் ஒரு நொடிக்குள் உள்ளிடிந்து வீழ்கின்றது. அந்த வீழ்ச்சியில் வெளிப்படும் ஆற்றல் மேலடுக்குகளைத் தூக்கி எறிகின்றது. இந்த 1.4 என்னும் எல்லைக்கு வழிகாட்டியவர் யார்? சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930-இல் கப்பலேறி இங்கிலாந்து செல்லும்போதே, அடர்ந்த விண்மீன்களுக்கு ஓர் எல்லை உண்டென்று கணித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1983-இல் அவர்க்கு நோபல் பரிசு கிடைத்தபோது 'தமிழர்' என்று மார்தட்டினோம். அவர் கண்டதைத் தமிழில் நம் பிள்ளைகளுக்கு விளங்கச் சொன்னோர் நம்முள் எத்தனை பேர்? பெருமை பேசுவது எளிது. பொருள் பேசுவதன்றோ கடன்?

மோதல்

வெடித்துப் பறக்கும் பொருள் தொடக்கத்தில் நொடிக்கு ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் செல்லும். ஒரு நொடியில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே இருநூற்றைம்பது முறை சென்றுவிடலாம். வெற்று வெளியில் அது ஏறத்தாழ உருண்டையாக விரிந்துகொண்டே போகும். எதிரே முகில் வந்தால் என்ன ஆகும்?

இதற்கு எடுத்துக்காட்டை நாம் தொலைவில் தேட வேண்டுவதில்லை. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நம் மயிலத்தில் ஒரே நாளில் 50 செண்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிற்று. தென்பெண்ணை கரைமீறியது, நெடுஞ்சாலைப் போக்குவரத்தே நின்றது. அந்த வெள்ளத்தைக் கண்டவர்கள் எண்ணிப் பாருங்கள். வெட்டவெளியில் அது பாய்ந்தோடிற்று. நெருங்கிய கரும்புக் கொல்லைக்குள் புகுந்ததும் விரைவு குன்றி, ஊர்ந்து நகர்ந்தது. கொல்லைக்கு வெளியே பாய்ந்ததும் உள்ளே ஊர்ந்ததும் ஒரே வெள்ளமே.

விண்ணிலும் இதுவே முறை. தள்ளும் அழுத்தம் ஒன்றாயிருக்க, எதிரே உள்ள வளி நூறு மடங்கு அடர்ந்திருந்தால் அதிரலையின் விரைவு பத்தில் ஒன்றாகும். பதினாயிரம் மடங்கு அடர்ந்திருந்தால் நூறில் ஒன்றாகும். சொறிமீன் முகிலில் இதனைக் கண்கூடாகக் காணலாம். அதன் வடகிழக்குப் பக்கத்தில் அடர்வு குறைந்த வளியில் அதிரலை நொடிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் விரைவில் சென்று, ஒளிரும் இழைகளை உண்டாக்கியுள்ளது. தென்பக்கத்தில் கூட்டணு முகிலுக்குள் புகுந்த அலையோ நொடிக்கு 30 கிலோமீட்டர் அளவில் தளர்ந்துவிட்டது. வெடிப்பு ஒன்றே, எதிர்ப்பட்டது வேறு, ஆகலின் விளைவும் வேறு.

இந்தத் தளர்ச்சியே நமக்கு வாய்ப்பாகின்றது. நொடிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் அடிவிழுந்தால் கூட்டணுக்கள் உடைந்து தனி அணுக்களாய்ச் சிதறும். அதனினும் மெல்ல விழுந்தால் அவை உடையாமல் சூடேறும். அதுவரை வாய்மூடிக் கிடந்த நீரகக் கூட்டணுக்கள் ஏறத்தாழ 2,000 பாகை வெப்பம் பெற்று, அகச்சிவப்பு ஒளியில் பேசத் தொடங்கும். ஊமையரும் அடிபட்டால் அலறுவர் அன்றோ? சொறிமீன் முகிலின் தென்பாதியில் இந்த அலறல் வளைந்து நெளிந்த ஒரு வரப்புப்போல் தெரிகின்றது.

ஆனால் ஓர் ஐயம் எழும். வானில் எச்சமும் முகிலும் அருகருகே தோன்றினால் மட்டும் மோதல் என்று சொல்லிவிடலாமா? ஒன்று முன்னும் ஒன்று பின்னும் நெடுந்தொலைவில் இருக்கக் கூடுமே! செஞ்சிக் கோட்டையும் அதன் பின்னே எழும் நிலவும் ஒன்றையொன்று தொடுவதுபோல் தோன்றினும் தொடுகின்றனவா? எனவே மோதலுக்கு நேர்ச்சான்று வேண்டும். அமைதியாய்க் கிடக்கும் முகிலின் வானொலிக் கோடு மிக ஒல்லியாயிருக்கும். ஏனெனின் அதன் கூட்டணுக்கள் ஏறத்தாழ ஒரே விரைவில் அசைகின்றன. அடிபட்ட முகிலில் அவை பல விரைவுகளில் கலைந்தோடுவதால் அக்கோடு அகன்று விரியும். 1979-இல் தெநோயர் என்னும் வானியலார் சொறிமீன் முகிலில் கார்பன் மோனாக்சைடின் கோடு அவ்வாறு அகன்றிருப்பதைக் கண்டார். அது பக்கத்தில் நிற்கும் முகில் அன்று. அடிவாங்கிய முகில் என்பது உறுதியாயிற்று.

நம் நாட்டாரும் இந்த எச்சத்தை ஆய்ந்துள்ளனர். பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில் ஆயிரம் அலைவாங்கிகளைக் கொண்டு அமைத்த வானொலித் தொலைநோக்கியால், 34.5 மெகா எர்ட்சு என்னும் மிகத் தாழ்ந்த அலைவெண்ணில் சொறிமீன் முகிலைப் பதிவுசெய்து, 1982-இல் முடிவுகளை வெளியிட்டனர்.

மற்றொரு சான்று இன்னும் நுட்பமானது. நீரக அணு ஒன்றும் உயிரக அணு ஒன்றும் கூடிய ஐதராக்சில் என்னும் கூட்டணு, தக்க அடர்வும் தக்க வெப்பமும் வாய்த்த இடத்தில், தன்மேல் வரும் 1720 மெகா எர்ட்சு வானொலி அலையைப் பன்மடங்கு பெருக்கி அனுப்பும். இதனை 'மேசர்' என்பர். கன செண்டிமீட்டருக்கு ஏறத்தாழ நூறாயிரம் கூட்டணுக்கள் இருக்க வேண்டும். குளிரும் மிகையாகாது வெப்பமும் மிகையாகாது இருக்க வேண்டும். மெல்ல அடிபட்ட முகில்தான் இந்நிலைக்கு ஏற்ற இடம். எச்சங்களில் இவ்வலை 1960-களின் இறுதியிலேயே பிடிபட்டது. எனினும், இது மோதலின் அடையாளம் என்பதை 1994-இல் பிரெயில், கோசு, சிலிசு ஆகியோர் வலியுறுத்தியபின் தேடல் விரிந்தது. நம் பால்வழி மண்டலத்தில் அறியப்பட்ட ஏறத்தாழ 300 எச்சங்களுள், தேடிப் பார்த்தவற்றில் பத்தில் ஒன்றளவே இந்தச் சீழ்க்கையை எழுப்புகின்றன. அச்சீழ்க்கையின் அலைவெண் இரண்டாய்ப் பிளவுறும் அளவைக் கொண்டு அங்குள்ள காந்தப் புலத்தையும் அளந்துவிட்டனர். அது நம் ஞாலத்தின் காந்தப் புலத்தில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு.

முகவரி தொலைந்த கதிர்கள்

இம்மோதலால் தீர்ந்த பெரிய வழக்கு ஒன்றுண்டு. 1912-இல் விக்டர் எசு என்பவர் வளிக்கூண்டில் ஏறி, வானிலிருந்து ஊடுருவும் கதிர்கள் வருவதைக் கண்டார். 'விண்கதிர்' எனப்படும் அவற்றுள் மிகப் பலவும் நேர்மின்னிகள்; பள்ளியில் 'புரோட்டான்' என்று படித்தீர்களே, அவையே. அவை எங்கிருந்து வருகின்றன? உதகையில் உள்ள கிரேப்சு-3 என்னும் ஆய்வுக்களம் நாளும் இக்கதிர்களின் பொழிவை எண்ணிவருகின்றது. ஆனால் எண்ணலாமே ஒழிய, வந்த திசையைப் பின்தொடர்ந்து ஊரைக் காண இயலாது. மின்னூட்டம் உடைய துகள் ஆகையால், வழியிலுள்ள காந்தப் புலங்கள் அதனை வளைத்து வளைத்து அலைக்கழித்துவிடுகின்றன. அது முகவரி தொலைந்த அஞ்சல்.

வெடிமீன் எச்சத்தின் அதிரலையே நேர்மின்னிகளை முடுக்குகின்றது என்று அறிஞர் நெடுநாள் கருதி வந்தனர். கருத்து இருந்தது; சான்று இல்லை. சான்றைத் தந்தது முகில். முடுக்கப்பட்ட நேர்மின்னி முகிலின் அணுக்கருவில் மோதினால் 'பையான்' என்னும் நிலையாத் துகள் தோன்றி, நொடியினும் நுண்ணிய பொழுதில் இரண்டு காமாக் கதிர்களாய்ச் சிதையும். காமாக் கதிருக்கு மின்னூட்டம் இல்லை. காந்தம் அதனை வளைக்காது. புறப்பட்ட இடத்தை நேராகக் காட்டும். 2008-இல் விண்ணிற் செலுத்திய பெர்மி தொலைநோக்கி, சொறிமீன் முகிலிலிருந்தும் 'டபிள்யூ 44' என்னும் மற்றோர் எச்சத்திலிருந்தும் வரும் காமாக் கதிர்களில் பையானின் தனி முத்திரையைக் கண்டது. 2013-இல் அது வெளியாயிற்று. முகில் இல்லையேல் அந்த நேர்மின்னிகள் தடம் காட்டாமலே போயிருக்கும். எசு கண்டதற்கும் இச்சான்றுக்கும் இடையே நூறாண்டு. கருத்து அழகாயிருக்கின்றது என்பதற்காக வானியலார் வழக்கை முன்பே முடித்துவிடவில்லை. நேற்று நான் மறந்தது இதனைத்தான்.

இரண்டாம் விடை

இனித் தங்கையின் வினாவுக்கு வருவோம். வெடிமீன் எச்சம் முகிலை அடித்துப் புதிய மீன்களைப் பிறப்பிக்கின்றதா?

நாள்கணக்கைப் பாருங்கள். சொறிமீன் முகிலின் அகவையைச் சிலர் 3,000 ஆண்டு என்பர். சிலர் 30,000 ஆண்டு என்பர். மிகுதியான கணக்கையே கொள்வோம். முகிலின் ஒரு கட்டி தன் எடையால் சுருங்கி இளமீன் ஆவதற்குச் சில நூறாயிரம் ஆண்டு செல்லும். எச்சத்தைச் சுற்றி இளமீன்கள் காணப்படுவது உண்மையே. ஆயினும் நூறாயிரம் ஆண்டு முதல் பத்து நூறாயிரம் ஆண்டு வரை அகவையுடைய அவை, வெடிப்புக்கு முன்னரே கருக்கொண்டவை. முப்பதாயிரம் ஆண்டே ஆன தந்தைக்கு மூன்று நூறாயிரம் ஆண்டு அகவையுள்ள மகன் எங்ஙனம் பிறப்பான்? ஆகவே, இந்த எச்சம் இந்த மீன்களைப் பெற்றது என்பது பொருந்தாது.

அடியின் அளவும் எண்ணத்தக்கது. அதிரலை மிக விரைந்து வந்தால் முகிலைக் கிழித்து எறியும். மிகத் தளர்ந்து வந்தால் நெருக்க வலியிராது. இடைப்பட்ட ஒரு சிறு வரம்புக்குள் அமைந்தால்தான் முகில் சுருங்கும் என்பது கணிப்பொறிக் கணக்குகளால் தெரிகின்றது. 1969-இல் மெக்சிகோவில் வீழ்ந்த அயெந்தே விண்கல்லில், விரைவில் சிதையும் ஒருவகை அலுமினியத்தின் சுவட்டை 1976-இல் கண்டனர். ஞாயிறு பிறந்த முகிலிலேயே ஒரு வெடிமீனின் எச்சம் மோதியிருக்கலாம் என்று அதனால் கருதினர். வெடிக்காமலே பெருமீன்கள் வீசும் காற்றும் அந்த அலுமினியத்தைக் கொணர்ந்திருக்கலாம் என்பார் இன்றும் உளர். அவ்வழக்கு இன்னும் முடியவில்லை.

அவ்வாறாயின் தங்கை படித்தது முற்றும் பொய்யா? அன்று. ஓர் எச்சத்தையும் ஓராயிரம் ஆண்டையும் பார்ப்பதை விட்டு, பல வெடிப்புகளையும் கோடி ஆண்டுகளையும் பார்த்தால் காட்சி மாறுகின்றது. நம் ஞாயிறு இன்று ஏறத்தாழ 1,000 ஒளியாண்டு அகலமுள்ள வெறுமையான ஒரு குமிழிக்குள் நிற்கின்றது. அக்குமிழி எங்ஙனம் தோன்றிற்று, அதன் விளிம்பில் என்ன உள்ளது என்பவற்றைச் சக்கர் என்னும் அம்மையாரும் உடன் ஆய்ந்தோரும் 2022-இல் வெளியிட்டனர். ஏறத்தாழ 1 கோடியே 40 நூறாயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, பதினைந்து அளவிலான வெடிமீன்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வெடித்து, சுற்றிலும் இருந்த வளியை வெளியே தள்ளித் தள்ளி ஒரு சுவராய்க் குவித்தன. ஞாயிற்றுக்கு 500 ஒளியாண்டுத் தொலைவுக்குள் இன்று மீன்கள் பிறக்கும் முகில்கள் ஏறத்தாழ எல்லாமே அந்தச் சுவரின்மேல்தான் உள்ளன. இன்றிரவு வேடனுக்கு மேற்கே தெரியும் விடை ஓரையின் முகிலும் அவற்றுள் ஒன்று.

ஆகவே முறையான விடை இது: ஓர் எச்சம் ஒரு முகிலில் மோதும்போது நாம் காண்பது பிறப்பன்று, அடி. அந்த அடி கூட்டணுக்களைச் சூடேற்றுகின்றது, உடைக்கின்றது, கலைக்கின்றது, நேர்மின்னிகளை முடுக்குகின்றது. பிறப்பு உண்டாயின், அது பல அடிகள் சேர்ந்து, வளியைக் குவித்து, நெடுங்காலம் கழிந்தபின் வருவது. வெள்ளம் புகுந்த மறுநாளே வயல் விளைவதில்லை. அன்று காண்பது சாய்ந்த பயிரும் அறுந்த வரப்புமே. வண்டல் படிந்து, ஈரம் வற்றி, உழவன் மீண்டும் ஏர் பூட்டிய பின்னரே விளைச்சல். வெள்ளத்தையும் விளைச்சலையும் ஒரே நாளில் நடந்ததாகச் சொல்வது கதை, வரலாறன்று.

அந்த நெடுங்காலத்தை அளக்க நம்மூரிலேயே ஓர் அளவுகோல் உண்டு. வானூர் வட்டத்துத் திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெள்ளம் ஒன்று அவற்றை அடித்துவந்து மணலில் புதைத்தது என்பர் நிலநூலார். அந்த மரங்கள் பச்சையாய் நின்ற நாளில் நம் குமிழியின் முதல் வெடிப்பே நிகழவில்லை. அவை மண்ணுக்குள் கிடந்த காலத்தில்தான் அங்கே ஒவ்வொரு மீனாக வெடித்தது, சுவர் எழுந்தது, விடையிலும் நளியிலும் மீன்கள் பிறக்கலாயின. ஆழ்கடல் அடியிலிருந்து எடுத்த பாறைப் படிவுகளில், வெடிமீனிலிருந்து வந்த ஒருவகை இரும்பு அணுக்களை அறிஞர் கண்டுள்ளனர். அவை ஏறத்தாழ 20 முதல் 30 நூறாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த ஞாலத்தின்மேல் தூவப்பட்டவை. கடலில் வீழ்ந்த அத்தூவல் நிலத்தில் மட்டும் வீழாமலா இருந்திருக்கும்? திருவக்கரைச் செம்மண்ணின்மேலும் அது வீழ்ந்திருக்கும். அடுத்தமுறை அந்தக் கல்மரத்தின்மேல் கைவைக்கும்போது, இந்த மோதலின் கதை முழுவதையும்விட மூத்த ஒன்றைத் தொடுகின்றோம் என்பதை எண்ணுங்கள்.

அன்பர்களே, பழந்தமிழர் வெடிமீனையும் கூட்டணு முகிலையும் அறிந்திருந்தனர் என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சான்று என் கையில் இல்லை. அவர்கள் நாள்மீன் என்றும் கோள்மீன் என்றும் பிரித்தறிந்து, தாம் கண்டதற்குத் தம் மொழியில் பெயரிட்டனர். நாம் அவர்வழி வந்தோர் எனின், இன்று காண்பதற்கு நம் மொழியில் பெயரிட வேண்டும். இட்ட பெயரால் உண்மையே பேச வேண்டும். தூய சொல்லால் சொன்ன பிழையும் பிழையே.

தங்கையே, நேற்றுச் சொன்ன விடையைத் திருப்பி எடுத்துக்கொள்கின்றேன்; இன்று சொன்னதை வைத்துக்கொள்ளுங்கள். நாளை புதிய சான்று வந்து இதனையும் திருத்தினால், அதனைத் தமிழில் எழுதி எங்களுக்கு அறிவியுங்கள். ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: வானம் தெளிந்திருக்கும் இந்தத் திங்களில் ஓரிரவேனும் உங்கள் மாணவரை வெளியே அழைத்துச் செல்லுங்கள். ஆடவையின் காலடியைச் சுட்டிக்காட்டி, அங்கே ஒரு வெடிமீன் எச்சம் ஒரு முகிலின்மேல் மோதிக்கொண்டிருக்கின்றது என்று அவர்க்கு விளங்கும் தமிழில் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் வினாவுக்கு விடை தெரியாவிடின், "தேடிச் சொல்கின்றேன்" என்று சொல்லுங்கள். நேற்று அந்த இரு சொற்கள் என் வாயில் வந்திருக்குமாயின், பேருந்தில் நான் நிம்மதியாக உறங்கியிருப்பேன்.